புலிப்பீ அரித்தவள்

ஆழ்வார் ஐயங்கார் அதை மலம் என்பார். அவர் மனைவி லக்ஷ்மம்மா ‘அது’ என்பாள். “அது வந்திருக்குடி, வாங்கி வெச்சுக்கோ” என்று கொல்லைக் கதவைத் தாண்டாமல் குரல் கொடுப்பாள். நாச்சம்மாள் ஒருத்திதான் புலிப்பீ என்று சொன்னாள். கழுவுகிறவளுக்கு எதற்குப் பூச்சும் மெழுகலும்?

மைசூர் லக்ஷ்மீபுரத்தில் அந்த வீட்டுக் கொல்லையில், கிணற்றுக்கும் மாட்டுக் கொட்டகைக்கும் நடுவில், நாலு வருஷமாக அவளுக்கு அதுதான் பிழைப்பு. மாசத்துக்கு ஒரு தடவை பிளிகிரி மலைக்காட்டிலிருந்து ஜடையன் என்கிற சோலிகப் பழங்குடிக்காரன் சாமராஜநகரில் ரயில் ஏறி, தோளில் சாக்கோடு வந்து இறங்குவான். சாக்குக்குள் தேக்கிலைப் பொட்டலங்கள். ஒவ்வொரு பொட்டலத்தையும் கட்டிய நாரில் முடிச்சுகள். எந்த ஓடை, எந்தப் பாறை, என்றைக்கு எடுத்தது என்பதெல்லாம் அவனுக்கு முடிச்சில் இருந்தது. அவன் சொல்லச் சொல்ல ஆழ்வார் சீட்டில் எழுதி ஒட்டுவார்.

“ரயில்ல என்ன நாத்தம்னு யாரும் கேக்கலையா?” என்று நாச்சம்மாள் கேட்டாள் ஒருநாள்.

“கேட்டாங்க. மருந்துன்னேன். ஒருத்தன் கொஞ்சம் குடுன்னு கேட்டான்” என்றான் ஜடையன்.

ஆழ்வார் கல்லூரியில் பிராணி சாஸ்திரம் நடத்துகிறவர். புலியைச் சுட்டு, அதன் தலைமேல் பூட்ஸ் காலை வைத்துப் படம் பிடித்துக்கொள்கிற பெரிய மனுஷர்கள் நிறைந்த ஊரில், சுடாமலே புலியைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று அலைந்த ஒரே ஆள். “செத்த புலி நீளத்தைத்தான் சொல்லும், நாச்சம்மா. எங்கே போச்சு, என்ன தின்னுது, ஆணா பெண்ணா, எல்லாம் அது விட்டுட்டுப் போறதுலேன்னா இருக்கு” என்பார். லீவு விட்டால் காட்டுக்கு ஓடிவிடுவார். புலி நடந்த மணலில் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றி, காய்ந்ததும் பெயர்த்து எடுத்து வருவார். புலியின் பாதம் அப்படியே புடைத்துக்கொண்டு இருக்கும். அச்சு என்று பெயர். சதுரமாக இருந்தால் கடுவன், நீளவாக்கில் இருந்தால் பெண். இப்படிப் பன்னிரண்டு வருஷத்தில் அறுபது எழுபது அச்சு சேர்த்தவர், நேரில் புலியைப் பார்த்தது இரண்டே தடவை. அதில் ஒரு தடவை வாலை மட்டும்.

அவர் ஆசாரமான குடும்பம். அந்த வீட்டில் எச்சில் தட்டைத் தாண்டினாலே தலைமுழுக்கு. புலிப்பீயைத் தொட யார் வருவார்கள்? வந்த வேலைக்காரிகள் இரண்டு பேர் பொட்டலத்தைப் பிரித்ததும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு போனவர்கள்தான். நாச்சம்மாள்தான் “பீதானுங்களே, எந்தக் கொழந்தைக்குக் கழுவல?” என்று உட்கார்ந்தாள். இத்தனைக்கும் அவளுக்குக் குழந்தை கிடையாது.

வேலையை அவளே ஒரு தினுசாக ஆக்கிக்கொண்டாள். ஆழ்வார் சொன்னது, துணியில் கட்டி அலசு என்று. துணியில் கட்டினால் மயிரும் எலும்பும் ஒன்றாகச் சேர்ந்து பிசைந்துகொள்ளும். அரிசியில் கல் அரிக்கிற அரிக்கன் சட்டியை எடுத்தாள். ஊறவைத்துக் கரைத்து, தண்ணீரைச் சுழற்றிச் சுழற்றி ஒரு சட்டியிலிருந்து இன்னொன்றுக்குச் சாய்த்தாள். மயிர் மிதந்து முதலில் போய்விடும். எலும்பு, குளம்பு, பல் எல்லாம் கல் மாதிரி அடியில் நின்றுவிடும். மிதந்த மயிரை வெள்ளைத் துணியில் பரப்பி வெயிலில் காயவைத்தால் ஆழ்வார் கண்ணாடிச் சில்லில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார். அவர் பார்ப்பதற்கு முன்னாலேயே இவள் சொல்லிவிடுவாள். கரடுமுரடாக நொறுங்கினால் கடமான். நுனி இரண்டாகப் பிளந்திருந்தால் பன்றி. பட்டு மாதிரி சாம்பலாக இருந்தால் கொரங்கு. மஞ்சளாக இரண்டு மூன்று இழை எல்லாவற்றிலும் இருக்கும். அது புலி தன்னையே நக்கிக்கொண்டது.

ஒரு தடவை ஜடையன் ஒரு மரப்பட்டையைச் சீவி டப்பாவில் அடைத்துக் கொண்டுவந்தான். புலி வாலைத் தூக்கி அடித்த மூத்திரம் அதில். ஆழ்வார் முகர்ந்துவிட்டு, எப்படி எழுதுவது என்று தெரியாமல் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தார். நாச்சம்மாள் வாங்கி முகர்ந்தாள். “சீரகச் சம்பா சோறு வடிச்ச வாசம்” என்றாள். லக்ஷ்மம்மா உள்ளே இருந்து, “போறும்டி! இனி சாதம் வடிக்கத் தளிகை உள்ளே நான் எப்படி நிக்கறது?” என்று கத்தினாள். ஆனால் ஆழ்வார் அதைத்தான் எழுதினார்.

கெட்டிக்காரிதான். ஆனால் கெட்டிக்காரத்தனத்துக்காக அவள் அந்தச் சட்டி முன்னால் உட்காரவில்லை. அவள் தேடியது ஒரு கடுக்கன்.

அவள் ஊர் அனூர்ப் பக்கம். கடுக்கன் புருஷன் காதில் கிடந்தது. அவன் வண்டி ஓட்டுகிறவன். புளி ஏற்றிக்கொண்டு காட்டு வழியாகச் சாமராஜநகர் சந்தைக்குப் போவான். ஏழு வருஷம் முன்னால், யுகாதி கழிந்து மூன்றாம் நாள் போனவன் திரும்பவில்லை. மறுநாள் வண்டி மட்டும் காட்டுப் பாதையில் ஒரு மரத்தடியில் நின்றது. மாடுகள் அவிழ்ந்து மேய்ந்துகொண்டிருந்தன. வண்டியைச் சுற்றிப் புலித்தடம். ஊர் ஆட்கள் பத்துப் பேர் போனார்கள், தடத்தைப் பார்த்தார்கள், தலையில் அடித்துக்கொண்டு திரும்பி வந்தார்கள். வண்டியில் இருந்த பித்தளைச் சொம்பும் கம்பளியும்கூட இல்லை. வழிப்போக்கன் எவனோ எடுத்திருப்பான் என்றார்கள். புலித்தடம் கண்ட இடத்தில் மற்றதை யார் தேடுகிறார்கள்?

“எலும்பைக் காட்டுங்க, அழுவறேன்” என்று நாச்சம்மாள் சொன்னாள். கருமாதிக்கு ஒப்பவில்லை. ஊர் அவளைப் பைத்தியக்காரி என்றது. அழாத பெண்டாட்டியை ஊர் எப்படி வைத்துக்கொள்ளும்? கல்யாண வீட்டுக்குப் போனால், கழுத்தில் தாலி இருக்கிற இவளைச் சுமங்கலி வரிசையில் நிறுத்தவும் பயம், விதவை என்று ஒதுக்கவும் வழியில்லை. ஆரத்தித் தட்டு அவளிடம் வரும்போது கை மாறி அடுத்தவளிடம் போகும். மூன்று வருஷம் பொறுத்தாள். மைசூரில் ஒரு வீட்டில் பிளிகிரி மலைப் புலியின் பீயைக் கழுவ ஆள் தேடுகிறார்கள் என்று சந்தையில் யாரோ சிரித்துக்கொண்டு சொன்னதைக் கேட்டதும் மூட்டை கட்டிவிட்டாள்.

வந்த புதிதில் ஆழ்வாரைக் கேட்டாள். “சாமி, மூணு வருஷத்துக்கு முந்தி தின்னது இதுல இருக்குங்களா?”

“இரண்டு மழை பெஞ்சா கரைஞ்சு போயிடும், நாச்சம்மா. வண்டு உருட்டிண்டு போயிடும். எதுக்குக் கேக்கறே?”

“சும்மா கேட்டனுங்க.”

சொல்லியாயிற்று, கேட்டாயிற்று. ஆனாலும் ஒவ்வொரு பொட்டலத்தையும் அரிக்கும்போது, அடியில் எது ‘கிண்’ என்றாலும் அவள் கை நின்றுவிடும். ஒரு தடவை நிஜமாகவே உலோகம் கிடந்தது. நாச்சம்மாள் போட்ட சத்தத்தில் கொட்டகை மாடு கயிற்றை இழுத்தது. கழுவிப் பார்த்தால் கன்றுக்குட்டிக் கழுத்து மணியின் நாக்கு. அன்றைக்கு அவள் சோறு வைக்கவில்லை.

கொட்டகையை ஒட்டின அறையில் அவள் இருப்பு. தனியாக ஒரு அடுப்பு, ஒரு சட்டி, ஒரு தட்டு. தெருக்குழாயில் பெண்கள் “புலிச்சாணிக்காரி பந்தளு” என்று, அவள் வந்துவிட்டதைக் கன்னடத்தில் சொல்லிக்கொண்டு குடத்தை நகர்த்துவார்கள். அவளுக்குக் கன்னடம் நன்றாகவே புரியும். புரியாத மாதிரி நிற்பாள். ஞாயிற்றுக்கிழமை என்றால் எதிர்வீட்டுப் பெண்கள் தலைவாரிக்கொண்டு ஒருத்திக்கொருத்தி பேன் பார்ப்பார்கள். இவள் தலையை இவளே வாரிக்கொள்வாள். பேச வாய் இருந்தும், ஜடையன் வருகிற நாள் தவிர மற்ற நாளெல்லாம் அவள் பேசியது மாட்டோடுதான். மாடும் கொஞ்ச நாளில் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

“புலி தனியாவே திரியுங்களா சாமி?” என்று ஒருநாள் கேட்டாள்.

“தனியாத்தான். ஒண்ணை ஒண்ணு பாக்கறதே அபூர்வம். ஆனா மரத்தைக் கீறி வெக்கும், மண்ணைப் பறிச்சு வெக்கும், வாசனை அடிச்சு வெக்கும். இன்னொண்ணு வந்து மோந்து பாத்துத் தெரிஞ்சுக்கும். கடுதாசி போட்டுக்கற மாதிரி.”

“பரவால்லீங்களே” என்றாள் நாச்சம்மாள்.

நாலு வருஷம் போயிற்று. ஒரு புதன்கிழமை மத்தியானம் கொல்லை வாசலில் அவள் கொழுந்தன் சென்னப்பன் வந்து நின்றான். தலைப்பாகையை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, அண்ணன் பெண்டாட்டியை அழைக்கிற முறையில், “நங்கையா, நல்லா இருக்கீங்களா?” என்றான்.

“மூக்கைப் புடிச்சுக்காம பேசறீங்களே, அதுவே பெருசு. உக்காருங்க.”

உட்காரவில்லை. வந்த விஷயத்தைச் சொன்னான். மகள் பூவாத்தாளுக்கு மாப்பிள்ளை பேசியாகிவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் ஒன்றே ஒன்று கேட்கிறார்கள். வீட்டில் புலி தூக்கிய சாவு ஒன்று கழியாமல் நிற்கிறதாமே, அதைக் கழித்துவிட்டுப் பேசுங்கள் என்கிறார்கள்.

“பன்னெண்டு வருசம் பாக்கோணும்னு சொல்லுவாங்க. அது காணாமப் போனவங்களுக்குங்க நங்கையா. இது புலி. சனிக்கிழமை நாள் நல்லா இருக்குது. வைக்கோல்ல பொம்மை கட்டி எரிச்சுரலாம். நீங்க வந்து உக்காந்தாத்தானே அது கருமாதி?”

நாச்சம்மாள் கையைச் சட்டியில் வைத்தபடியே இருந்தாள். ஏழு வருஷம் சண்டை போட்டிருக்கிறாள். எத்தனை சட்டி அரித்திருப்பாள்? ஒரு கடுக்கன் கிடைக்கவில்லை, ஒரு வெள்ளி அரைஞாண் மணி கிடைக்கவில்லை. பூவாத்தாளைத் தூக்கி வளர்த்தவளும் அவள்தான்.

“சரி, வாரேன்” என்றாள். “நாளைக்கு மத்தியானம் வாங்க. கையிலிருக்கற வேலையை முடிச்சுக் குடுத்துட்டு வாரேன்.”

அவன் சத்திரத்தில் தங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனான். போகும்போது அவன் நடையில் ஒரு லேசு தெரிந்தது. நாச்சம்மாள் அதைக் கவனித்தாள். கவலை விட்டவன் அப்படித்தான் நடப்பான் என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை லக்ஷ்மம்மா கொல்லைக் கதவண்டை நின்று ஆரம்பித்தாள். “நாளைக்கு மாமனார் திவசம். சாஸ்திரிகள் கிணத்தடிக்கு வருவர். இந்தப் புலி சமாசாரம் ஒண்ணு கண்ணுலே படப்படாது, கேட்டியோ? எல்லாத்தையும் மஞ்சத்தண்ணி விட்டு அலம்பி, கொட்டாய் உள்ளே போட்டு மூடு. போறதுக்கு முன்னாடி பண்ணிட்டுப் போ.” ஒரு நிமிஷம் நின்றாள். “எப்போடி திரும்பி வருவே?”

“கருமாதி முடிஞ்சு பதினாறு கழிச்சுத்தானுங்கம்மா.”

லக்ஷ்மம்மா அவள் நெற்றிக் குங்குமத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நாச்சம்மாள் ஒவ்வொன்றாகக் கழுவினாள். சட்டிகள், சல்லடை, மயிர் காயவைக்கிற துணி. அந்தத் துணி காற்றில் பறக்காமல் இருக்க நாலு மூலையிலும் நாலு பாரம் வைத்திருப்பாள். இரண்டு கல், ஒரு உடைந்த அம்மிக்குழவி, நாலாவது ஒரு பிளாஸ்டர் அச்சு. ஆழ்வார் கெட்டுப்போனது என்று கிணற்றடியில் எறிந்து வைத்த அச்சுகளில் ஒன்று. புடைத்த பக்கம் துணியைப் பிடித்துக்கொள்ளும் என்று அதை எப்போதும் குப்புறத்தான் கவிழ்த்து வைப்பாள். நாலு வருஷத்தில் ஒருநாளும் திருப்பிப் பார்த்ததில்லை. கெட்டுப்போன அச்சில் பார்க்க என்ன இருக்கிறது? இப்போது மஞ்சள் தண்ணீர் விட்டுத் தேய்க்கத் திருப்பினாள்.

புலியின் முன்னங்கால். நீளவாக்கில் இருந்தது, பெண். விரல் நாலும் சரியாக விழுந்திருந்தன. அடிப்பாதம் மட்டும் பாதிக்குமேல் நசுங்கிப் போயிருந்தது. அதன்மேல் வளைவாக வேறு ஏதோ பதிந்திருந்தது. வளைவு நெடுக அரிசி மாதிரி சின்னச் சின்னப் புடைப்பு. அவள் விரலால் தடவிக்கொண்டே போனாள். மூன்று, ஒரு காலி இடம், மறுபடி மூன்று.

அவள் கை அங்கேயே நின்றுவிட்டது.

கல்யாணமான மறு வருஷம் அவள் புருஷன் கொள்ளேகால் சந்தையில் செருப்புக்குக் குதிகாலில் ஏழு ஆணி அடித்துக்கொண்டு வந்தான். “மாட்டுக்கு லாடம் அடிக்கப் போயி உங்களுக்கு அடிச்சுட்டாங்களா?” என்று அவள் கேலி பண்ணினாள். மூன்றாம் நாளே இடது கால் செருப்பில் நடு ஆணி விழுந்துவிட்டது. அவன் திரும்ப அடித்துக்கொள்ளவே இல்லை. தினமும் காலையில் அவள் வாசல் மெழுகி முடித்துக் கையைக் கழுவும்போது, ஈரத்தில் சரக் சரக் என்று மிதித்துக்கொண்டு போவான். மூன்று, காலி, மூன்று. திட்டிக்கொண்டே அதை மறுபடி மெழுகுவாள். எத்தனை ஆயிரம் தடவை மெழுகி அழித்த குதிகால் அது. அது அவளுக்குத் தெரியாதா?

ஜடையன் அவளுக்கு எப்போதோ சொன்ன ஒரு விஷயம் உண்டு. தடத்துமேல் தடம் இருந்தால், மேலே இருப்பதுதான் பின்னால் வந்தது. புலியின் பாதத்தின்மேல் குதிகால். புலி போன பிறகு மனுஷன் அந்த வழியே போயிருக்கிறான், உயிரோடு.

ஈரக்கையோடு அச்சைத் தூக்கிக்கொண்டு கொல்லைக் கதவைத் தாண்டி உள்ளே போய்விட்டாள். லக்ஷ்மம்மா “ஐயோ, ஐயோ, மடி” என்று சமையலறை வாசலில் கையை விரித்து நின்றாள். நாச்சம்மாள் காதில் விழவில்லை. கல்லூரிக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த ஆழ்வார் தலைப்பாகையைக் கையில் வைத்துக்கொண்டு திகைத்தார்.

“சாமி, இது எங்க எடுத்ததுங்க?”

அச்சின் பின்பக்கத்தில் ஈரமாக இருக்கும்போது கீறிய எண்ணைப் பார்த்தார். அலமாரியிலிருந்து பழைய நோட்டை எடுத்துப் புரட்டினார். “இது ரொம்பப் பழசுன்னா? யுகாதி லீவுலே போயிருந்தேன்... யுகாதிக்கு நாலாம் நாள் காலமே. அனூர் வண்டிப்பாதை, மணல் ஓடை. பெண் புலி.” மூக்குக்கண்ணாடியைச் சரி பண்ணிக்கொண்டார். “‘ஆணிச் செருப்பு மிதித்து அச்சு கெட்டது’ன்னு எழுதியிருக்கேன்.”

“எந்த வருசமுங்க?”

சொன்னார். அவள் கணக்குச் சரியாக இருந்தது. வண்டி நின்ற மரத்திலிருந்து அந்த ஓடை ஒரு மைல் மேற்கே. வண்டியைத் தேடிவந்த பத்துப் பேரும் புலித்தடத்தைப் பார்த்த இடத்திலேயே திரும்பிவிட்டார்கள். ஆழ்வார் வண்டிப் பக்கமே போகவில்லை. அவருக்குப் புலிதான் வேண்டியிருந்தது. மனுஷன் மிதித்து அதைக் கெடுத்துவிட்டான் என்று வருத்தம்.

“அந்தச் செருப்பு எந்தப் பக்கம் போச்சுன்னு எழுதியிருக்கீங்களா?”

ஆழ்வார் எது கிடைத்தாலும் அளந்து எழுதுகிற மனுஷர். விரலை வைத்து மெதுவாகப் படித்தார். “புலி கிழக்கே, மலைப்பக்கம். செருப்புக்காரன் மேற்கே, ரஸ்தாப் பக்கம். எட்டுக்கு எட்டு இடைவெளி இரண்டேகால் அடி. எல்லாம் சமம். குதிகால் ஆழம்.”

“ஓடலீங்களா?”

அவர் நோட்டிலிருந்து தலையைத் தூக்கினார். நாலு வருஷத்தில் முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தார் போலிருந்தது. “ஓடினா எட்டு நீளும், நாச்சம்மா. முன்பாதம் ஆழமா விழும். இது நடந்திருக்கு. மெதுவா. தோள்லே ஏதோ சுமையோட.”

சொம்பும் கம்பளியும். கூட என்னென்னவோ.

நாச்சம்மாள் அச்சை அவர் மேஜைமேல் வைத்துவிட்டுக் கொல்லைக்குத் திரும்பினாள். கிணற்று மேடையில் உட்கார்ந்தாள். ஏழு வருஷமாகப் புலி அவளுக்குச் சத்துருவாக இருந்தது. அதன் வயிற்றைத் தினமும் கழுவிக் கழுவிக் கேட்டிருக்கிறாள், என்ன பண்ணினே, என்ன பண்ணினே என்று. அந்தப் பெண் புலி பாவம், மாட்டு வாசனைக்கு வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் தன் வழியே போயிருக்கிறது. புலி தின்றிருந்தால் அவளுக்குப் புருஷன் ஒருவன் இருந்தான் என்றாவது இருக்கும். இப்போது அதுவும் போயிற்று.

மத்தியானம் சென்னப்பன் வந்தான். “கிளம்பலாமுங்களா? மூட்டை எங்க?”

“உங்கண்ணன் சாகலை” என்றாள் நாச்சம்மாள். “புலி போன பொறகு ஓடையைத் தாண்டி மேக்க நடந்து போயிருக்காங்க. குதிகால் கெடைச்சுது.”

சென்னப்பன் கொல்லைக் கதவைத் திரும்பிப் பார்த்தான். பிறகு குரலைத் தணித்து, “இதை யாருகிட்டயாச்சும் சொன்னீங்களா?” என்றான்.

நாச்சம்மாள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். செத்துப்போனான் என்று நினைத்த அண்ணன் உயிரோடு இருக்கிறான் என்றால், தம்பி முதலில் என்ன கேட்பான்? எங்கே என்று கேட்பான். நிஜமா என்று கேட்பான். கையைப் பிடித்துக்கொண்டு அழுவான். இவன் யாரிடம் சொன்னாய் என்று கேட்கிறான். புலிப்பீயில் மயிரைப் பார்த்து மானா பன்றியா என்று சொல்லுகிறவளுக்கு இதுகூடவா தெரியாது?

“எப்பத் தெரியும் உங்களுக்கு?” என்றாள்.

“என்னதுங்க நங்கையா...”

“கேக்கறனில்ல? எப்ப?”

சென்னப்பன் தலைப்பாகைத் துணியை முறுக்கினான். “ரெண்டு வருசம் கழிச்சு ஒரு கடுதாசி வந்துச்சுங்க. கொடகுல காப்பித் தோட்டத்துல இருக்கறாராம். அங்க ஒரு...”

“போதும்.”

“எரிச்சுட்டனுங்க. உங்க காதுல விழக்கூடாதுன்னுதான். ஓடிப்போனவன் பொண்டாட்டின்னா ஊர் என்ன பேசும்? புலின்னா ஒரு மரியாதை.”

“ஆமா. எனக்குப் பாத்துப் பாத்து மரியாதை பண்ணியிருக்கீங்க” என்றாள் நாச்சம்மாள். “நான் நாலு வருசமா பீயில எலும்பு தேடறேன். நீங்க வாயில கொழுக்கட்டையை வெச்சுட்டு உக்காந்திருந்தீங்க. புலிக்கு வாயிருந்தா உங்க மேல பிராது குடுத்திருக்கும்.”

அவன் அழ ஆரம்பித்தான். பெரிய மீசைக்காரன் அழுதால் பார்க்கச் சகிக்காது. “புள்ளை கல்யாணமுங்க நங்கையா. ஓடிப்போனவன் வீடுன்னு தெரிஞ்சா நின்னு போயிருமுங்க.”

நாச்சம்மாள் கழுத்துக் கயிற்றைத் தலைவழியாகக் கழற்றினாள். குளித்துக் குளித்து மஞ்சள் வெளுத்துப்போன கயிறு. கொண்டையில் மாட்டிக்கொண்டது. இழுத்து எடுத்து அவன் கையில் வைத்தாள்.

“பூவாத்தா கல்யாணத்தை நான் நிறுத்தமாட்டேன். உங்க வாயிலிருந்து வராதது என் வாயிலிருந்தும் வராது. பொம்மை கட்டுங்க. இதை அதுக்குப் பக்கத்துல போட்டு எரியுங்க. எனக்குக் காய்ச்சல்னு சொல்லிக்குங்க.”

“நீங்க வராம எப்பிடிங்க?”

“உசுரோட இருக்கறவனுக்கு மாரடிச்சு அழுவ என்னால ஆவாது. நீங்க அஞ்சு வருசமாப் பழகியிருக்கீங்க, உங்களுக்கு வரும். போங்க, ரயிலுக்கு நேரமாச்சு.”

அவன் போனான். இந்தத் தடவை அவன் நடையை அவள் பார்க்கவில்லை.

லக்ஷ்மம்மா எல்லாவற்றையும் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டிருக்கிறாள். சாயங்காலம் ஒரு டம்ளர் காப்பியைக் கொண்டுவந்து படியில் வைத்தாள். வெறும் கழுத்தைப் பார்த்தாள், பார்க்காத மாதிரி வேறு பக்கம் திரும்பினாள். “நாளைக்கு சாஸ்திரிகள் வர வேளைலே நீ கொட்டாய்க்குள்ளேயே இரு” என்றாள். அப்புறம், “சக்கரை போட்டிருக்கேன்” என்றாள். இரண்டும் அவள் நிஜமாகச் சொன்னதுதான். நாச்சம்மாள் காப்பியைத் தூக்கிக் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள்.

ஆழ்வார் கல்லூரியிலிருந்து வந்ததும் நேரே கொல்லைக்கு வந்தார். கையில் அந்த நோட்டு. கெட்ட அச்சு என்று எழுதியிருந்ததை அடித்திருந்தார். கிணற்றடியில் நின்று சங்கடத்தோடு கனைத்தார். “நான் அப்பவே நாலு பேரை விசாரிச்சிருக்கணும், நாச்சம்மா. புலியைத் தவிர வேறே ஒண்ணும் எனக்குக் கண்ணுலே படலே.”

“ஊருக்கே படலீங்களே சாமி.”

“இது யாரோட தடம்னு எழுதி வெக்கணும். எழுதாம விட்டா தப்பு. அவர் பேர் என்ன?”

நாச்சம்மாள் ஊரில் புருஷன் பெயரைப் பெண்டாட்டி சொல்லுவதில்லை. சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்பார்கள். ஒரு தடவைகூட அவள் அதைச் சொன்னதில்லை. சாமி கும்பிடும்போதுகூட ‘அவங்க’ என்றுதான் வேண்டிக்கொள்வாள். கோயிலில் அர்ச்சனைக்குப் பெயர் கேட்டால் பக்கத்தில் இருக்கிறவளைச் சொல்லச் சொல்லுவாள். பன்னிரண்டு வருஷம் குடித்தனம் பண்ணி, ஏழு வருஷம் ஆயுசைக் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறாள்.

“லிங்கப்பன்” என்றாள்.

ஒன்றும் ஆகவில்லை. கிணற்றுச் சுவரில் உட்கார்ந்திருந்த காக்கை அப்படியே இருந்தது. யாரோ ஊர்க்காரன் பெயரைச் சொன்ன மாதிரிதான் இருந்தது.

ஆழ்வார் எழுதிக்கொண்டார். “ஊர்?”

“அது இப்ப தெரியலீங்க” என்றாள் நாச்சம்மாள். “மேற்கேன்னு போட்டுக்குங்க.”

காலையில் பாதியில் விட்ட பொட்டலம் ஒன்று ஊறிக் கிடந்தது. அவள் அரிக்கன் சட்டியை எடுத்தாள். துணியை விரித்தாள். மூன்று மூலைக்குப் பாரம் இருந்தது. நாலாவதுக்கு எழுந்துபோய்க் கொட்டகை ஓரத்திலிருந்து ஒரு கருங்கல்லைப் பொறுக்கிக்கொண்டு வந்து வைத்தாள். சட்டியைச் சுழற்றினாள், அடியில் ஏதோ ‘கிண்’ என்றது. அவள் கை நிற்கவில்லை.